குப்பிலாம்பு மங்கிய நாளும் நான்காவது கட்டமும்

போன வாரம் ஆய்வுகூடத்திலிருந்து நீங்கள் மூன்று பேரும் என்னைப் பார்க்க வந்திருந்தபோது, தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு முறைப்பாட்டை வைத்தீர்கள். தண்ணீர் மாதிரி எடுக்கும் படிவத்தில் நான்காவதாக ஒரு கட்டம் இருக்கிறது: யார் எடுத்தது, எதில் எடுத்தது, நம் கைக்கு வரும்வரை எங்கே இருந்தது. இதை நிரப்புவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது, இந்தக் கட்டத்தைச் சேர்த்த புண்ணியவான் யார் என்று கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டு முறுக்குத் தட்டை உங்கள் பக்கம் நகர்த்தினேன். புண்ணியவான் இல்லை பிள்ளைகளே, புண்ணியவதி. அது நான்தான்.

ஏன் சேர்த்தேன் என்பதை அன்று சொல்லவில்லை. சொன்னால் என் மானம் போகும், முறுக்கும் மிச்சம் இருக்காது. இப்போது எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்களின் அனுபவக் கதைகளில் சொல்பவர் எப்போதும் சரியாகவே இருப்பார், மற்றவர்கள்தான் தவறு செய்வார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் என் வேலையில் கெட்டிக்காரி. பணிவுக்காக அதை மறைக்கவும் மாட்டேன். ஆனால் கெட்டிக்காரிகள் மட்டுமே செய்யக்கூடிய தவறு என்று ஒன்று உண்டு.

உங்கள் கையில் இப்போது இருப்பது இலக்கம் காட்டும் திரையோடு கூடிய அழகான கருவி. எங்களுக்கு முதலில் வந்தது ஒரு கறுப்புத் தகரப் பெட்டி. ஒரு பக்கம் ஊதா வெளிச்சம் தரும் சின்ன மின்விளக்கு, இன்னொரு பக்கம் வெளிச்சத்தை அளக்கும் கண், நடுவில் ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் தண்ணீரில் மிதக்கும் குறைகடத்தித் துகள்கள். ஊதா வெளிச்சம் பட்டதும் அவை தணல் நிறத்தில் ஒளிரும். தண்ணீரில் செம்பு கரைந்திருந்தால் அது துகளின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். வெளியே வரவேண்டிய ஒளி உள்ளேயே அணைந்துபோகும். எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு செம்பு. மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வந்தால் செம்பு கலந்த மருந்து அடிக்கும் ஊர் இது. அதனால் இந்தப் பெட்டிக்கு நம் மலைகளில் ஓயாத வேலை இருந்தது. நாங்கள் வைத்த பெயர் குப்பிலாம்பு. ஹட்டன் பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னை "லாம்பு மிஸ்" என்று கூப்பிட்டார்கள். பொய் சொல்வானேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்போது எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு கண்டிக்காரர். பெயர் சொன்னால் கோபிப்பார். எந்தப் போத்தலைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாலும், பெண் பார்க்கப் போனவர் மாதிரி மூன்று தலைமுறையை விசாரிப்பார். இது எங்கிருந்து வந்தது, யார் கையில் வந்தது, வழியில் எங்கே தங்கியது? "சேர், அளந்து பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது" என்று ஒருமுறை சலித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லாம்பு போத்தலில் இருப்பதைத்தான் சொல்லும். ஊற்றில் இருப்பதை நீதான் சொல்ல வேண்டும்" என்றார். கிழடுக்கு வேறு வேலை இல்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் டயகமப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். மேல் டிவிசன் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிள்ளைகள் சிலருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். அதே வாரத்தில்தான் லயத்துக்கு மேலே இருக்கும் தேயிலை மலையில் மருந்து அடித்திருந்தார்கள். அடித்தவர் யோகராஜ், நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாத மனிதர். வேலை முடிந்ததும் முதுகில் மாட்டும் மருந்துத் தாங்கியை அவர் பீலியிலேயே கழுவினார் என்று லயத்தில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. உங்களில் கொழும்பிலிருந்து வந்தவருக்காகச் சொல்கிறேன்: பீலி என்பது மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும் இடம். அந்த லயம் முழுக்கக் குடிப்பதும் சமைப்பதும் அதில்தான்.

யோகராஜுக்கு வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் வரவேண்டிய மாதம் அது. பீலியில் மருந்து இருந்தால் கடிதம் வராது. வேலை போனால் குடியிருக்கும் லயக் காம்பராவும் போகும். இதை எனக்கு முதல் நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள், எனக்கு எல்லாம் தெரியும்.

வழியில் மண் சரிந்து கிடந்ததால் பஸ் பதினொரு மணிக்கு முன் போய்ச் சேராது. எனக்கோ விடியற்காலைத் தண்ணீர் வேண்டும், யாரும் பயன்படுத்துவதற்கு முன் எடுத்தது. ஆகவே கழுவிய போத்தல் இரண்டை முதல் நாள் ரொட்டி கொண்டுபோகும் பாண் வேனில் அனுப்பினேன். சிவப்பு மூடி, மலைக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் ஊற்றுக்கு. நீல மூடி, லயத்துப் பீலிக்கு. லயத்து மாதர் சங்கத் தலைவி பரமேஸ்வரி அக்கா. மாரியம்மன் கோயிலில் விளக்கு வைப்பவரும் அவர்தான். அவருக்கே போன் செய்தேன்.

"அக்கா, விடிய எந்திரிச்சு, யாரும் கை வைக்கிறதுக்கு முன்ன ரெண்டு எடத்துலயும் தண்ணி பிடிச்சு வைங்க. ரொம்ப சுத்தமா இருக்கணும்."

"நீங்க கவலையே படாதீங்க மிஸ். குளிச்சிட்டுத்தான் தொடுவேன்."

குளித்துவிட்டுத் தொடுவாராம்! நான் சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். அந்த வார்த்தையில் நின்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நான் போய் இறங்கியபோது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு கூட்டமே நின்றது. தோட்டத்தை நடத்தும் துரை ஜீப்பில் சாய்ந்து நின்றார், பக்கத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா. இரண்டு போத்தலும் மேசையில் தயார். உள்ளே ஓர் அறைக்குள் போய் அமைதியாகப் பார்த்திருக்கலாம். ஆனால் லாம்பு மிஸ் அல்லவா, எல்லோரும் பார்க்கட்டும் என்று களத்தின் கொட்டகையிலேயே பெட்டியைத் திறந்தேன். வெளிச்சத்தை மறைக்க ஒரு பெண் தன் கம்பளியைக் கழற்றித் தந்தார். முதலில் என்னிடமிருந்த தூய நீரை விட்டுப் பார்த்தேன். தணல் நன்றாக ஒளிர்ந்தது. முன்னால் நின்ற பெண்கள் கம்பளிக்குள் தலையை நுழைத்துப் பார்த்து "ஆத்தாடி" என்றார்கள். பிறகு பீலித் தண்ணீர். தணல் அப்படியே சுருங்கிப்போனது.

நான் தலையை வெளியே எடுத்து, "செம்பு இருக்கு. நல்லாவே இருக்கு" என்றேன். ஒரு கூட்டத்தின் முன்னால் நிமிர்ந்து நின்று, தெளிவான குரலில்.

முதலில் அசைந்தவர் கணேசன். அவருடைய சின்ன மகள் மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவர் நேராகப் போய் யோகராஜின் சட்டையைப் பிடித்தார்.

"எம் புள்ள செத்திருந்தா என்னாடா பண்ணியிருப்ப?"

"அண்ணே, சத்தியமா நான் பீலியில கழுவலண்ணே. கீழ ஆத்துலதான் கழுவுனேன்."

"அந்த லைட்டு பொய் சொல்லுதா? மிஸ் பொய் சொல்றாங்களா?"

யோகராஜ் என்னைப் பார்த்தார். நான் அடுத்த போத்தலைத் திறந்துகொண்டிருந்தேன். ஊற்றுத் தண்ணீரும் அதே அளவு மங்கியது. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் ஒன்று.

கண்டாக்கு ஐயா எட்டிப் பார்த்தார். "அப்ப இவன் மேல ஊத்துலயே கொண்டுபோய்க் கழுவியிருக்கான்" என்றார். கூட்டம் இரைந்தது. ஒரு கிழவர் மண்ணை அள்ளி யோகராஜின் காலடியில் வீசினார். யோகராஜின் மனைவி கொழுந்துக் கூடையோடு ஓரமாக நின்றவர், கூடையை இறக்கிவைக்கவும் மறந்து அழுதுகொண்டிருந்தார்.

துரை ஒரு தாளை நீட்டினார். அவர் சிங்களவர், ஆனாலும் தமிழ் நன்றாகவே பேசுவார். "மிஸ், செம்பு இருக்குன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பின்னேரத்துக்குள்ள மேல அனுப்பணும். பீலிய பூட்டச் சொல்லிட்டேன்."

பேனாவைத் திறந்துவிட்டேன். திகதிகூட எழுதிவிட்டேன். எழுதும்போதுதான் அந்த இரட்டைப் பிள்ளைகள் உறுத்த ஆரம்பித்தன. ஊற்று இருப்பது மருந்தடித்த மலைக்கும் மேலே, காட்டுக்குள். முதுகில் தாங்கியோடு நாள் முழுக்க மேடேறி இறங்கிய மனிதன், கழுவுவதற்காக இன்னும் ஒரு மைல் மேலே ஏறுவானா? சரி, ஏறினான் என்றே வைப்போம். ஊற்றில் கழுவியது குழாயில் இவ்வளவு தூரம் ஓடி, நடுவில் வந்து சேரும் சிற்றோடைத் தண்ணீரோடு கலந்து பீலிக்கு வரும்போது கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டாமா? இரண்டிலும் ஒரே அளவு என்றால், செம்பு மலையில் சேரவில்லை. இரண்டு தண்ணீரும் ஒரே மாதிரியான இடத்தில் இருந்திருக்கின்றன.

நான் முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த முதல் ஆசை, கையெழுத்தைப் போட்டுவிட்டு பஸ் ஏறுவதுதான். கூட்டம் நான் சொன்னதை நம்பிவிட்டது. துரை திருப்தியாக இருந்தார். நான் எழுதப்போகும் வரியும் பொய் இல்லை. போத்தலில் செம்பு இருந்தது. சொன்னதை இத்தனை பேர் முன்னால் விழுங்குவதை நினைத்தால் காது சுட்டது. அப்போதுதான் கண்டிக்காரரின் கண்ணாடி துடைக்கும் விரல்கள் நினைவுக்கு வந்தன. கோபம் கோபமாக வந்தது, அவர்மேல். அவர் சரியாக இருந்துவிட்டாரே என்று.

பேனாவை மூடினேன். "பரமேஸ்வரி அக்கா, இங்க வாங்க. இந்தத் தண்ணிய எப்பிடி எடுத்தீங்க? எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க" என்றேன்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். பெருமையாகத்தான் சொன்னார். "நீங்க சுத்தமா இருக்கணும்னு சொன்னீங்க இல்லையா. ராத்திரியே கோயில் கொடம் ரெண்டையும் எடுத்து, புளி போட்டு பளபளன்னு வெளக்கி வச்சேன். விடிய நாலு மணிக்குக் குளிச்சு, ஈரத் துணியோட போயி ஊத்துல ஒண்ணு, பீலியில ஒண்ணு. வீட்டுக் கொடத்துல எத்தன பேரு கை பட்டிருக்கும்? அம்மனுக்கு எடுக்குற கொடத்துல வேற யாரும் எடுக்க மாட்டோம் மிஸ். நீங்க வர்ற வரைக்கும் கோயில்லயே மூடி வச்சிருந்து, பஸ் சத்தம் கேட்டதும்தான் போத்தல்ல ஊத்துனேன்."

"என்ன கொடம் அக்கா?"

"செப்புக் கொடம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் மலை ஊற்றுத் தண்ணீரில் புளிப்பு கொஞ்சம் உண்டு, செம்பை இலகுவில் கரைக்கும். அதிலும் புளி போட்டுத் தேய்த்த புதுச் செம்பில் ஏழு மணி நேரம்! என் குப்பிலாம்பு துளிச் செம்பையும் விடாது. அது தன் வேலையைச் செம்மையாகச் செய்திருந்தது. அந்த லயத்தில் இருந்ததிலேயே பரிசுத்தமான பாத்திரத்தைத்தான் அக்கா எனக்காக எடுத்திருந்தார். எதில் எடுப்பீர்கள் என்று கேட்க வேண்டியவள் நான்.

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். "நான் அவசரப்பட்டுட்டேன். இந்தச் செம்பு கொடத்துல இருந்து வந்ததா இருக்கலாம். நான் இப்பவே மேல போயி, என் கையால, கண்ணாடிப் போத்தல்ல எடுத்துப் பார்க்கணும். அது வரைக்கும் யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லாதீங்க."

துரை தாளை மடித்தார். "காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணா மிஸ்?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். "ஆமா, மத்தியானத்துல சொல்றதுதான் சரி" என்றேன். பதில் தைரியமாகவே வந்தது.

யோகராஜை வரச் சொன்னேன். அவர் அசையவில்லை. "நான் வரலீங்க மிஸ். நான் வந்தா, நான்தான் எதையோ மாத்திட்டேன்னு சொல்லுவாங்க" என்றார். அவர் சொன்னது சரி. ஆகவே கணேசனைக் கூப்பிட்டேன். யாருக்குக் கோபம் அதிகமோ அவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் நம்பினால் ஊரே நம்பும்.

அட்டை கடிக்க, மழையில் வழுக்கி வழுக்கி ஏறினோம். ஊற்றில் எடுத்தேன், பீலியில் எடுத்தேன். கொட்டகையில் முதலில் கணேசனின் தலையைத்தான் கம்பளிக்குள் விட்டேன். ஊற்றுத் தண்ணீரில் தணல் தூய நீரில் ஒளிர்ந்தது போலவே ஒளிர்ந்தது. பீலித் தண்ணீரிலும் அப்படியே. பிறகு குடத்தில் மிச்சமிருந்ததை விட்டேன், மங்கியது. கணேசன் நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல், "கொடந்தான்" என்றார்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், பழி போட கூட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டும். "அப்ப பரமேஸ்வரிதான்" என்று ஒரு குரல் எழுந்தது. அக்காவின் முகம் வெளுத்துப்போனது. "அம்மன் கொடத்துல வெசமா மிஸ்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தமாகவே சொன்னேன்: "கொடத்துல குத்தமில்ல, அக்காமேலயும் குத்தமில்ல. கேக்காதது நான். செம்பு இருக்கான்னுதான் பார்த்தேன், கெடுதல் பண்ற அளவுக்கு இருக்கான்னுகூடக் கணக்குப் பார்க்காம வாயத் தொறந்தேன். திட்டணும்னா என்னைய திட்டுங்க." யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிள்ளைகளின் வயிற்றுக்குக் காரணம் பிறகு வேறு சோதனையில் தெரிந்தது. மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் குழாய் வெடித்திருந்தது, அழுக்கு உள்ளே போயிருந்தது. தோட்டம் குழாயை மாற்றியது. யோகராஜுக்குக் கடிதமும் வந்தது.

குடம் பிடிபட்ட அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது யோகராஜ் வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன், பாருங்கள் என் புத்தியை. "மிஸ், நீங்க கடைசியா சொன்னத எல்லாரும் கேட்டாங்க. மொதல்ல சொன்னதையும் எல்லாருந்தான் கேட்டாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்தார்.

நான்காவது கட்டத்தை அடுத்த வாரமே படிவத்தில் சேர்த்தேன். கண்டிக்காரர் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கையெழுத்திட்டார். அந்தத் துடைப்பே பெரிய தண்டனை.

சில மாதம் கழித்து அதே லயத்துக்கு வழக்கமான சோதனைக்குப் போனேன். பீலியில் வரிசை நின்றது. யோகராஜ் வாளியோடு வரிசைக்கு வெளியே, தள்ளி, ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். ஏன் அங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "எல்லாரும் பிடிச்சு முடிச்சப் பொறகு நான் பிடிச்சுக்குவேன். பழகிருச்சுங்க" என்றார். யாரும் அவரை அப்படி நிற்கச் சொல்லவில்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை. என் வாயிலிருந்து போன சொல் இன்னும் அந்தப் பீலியில் நின்றுகொண்டிருந்தது.

பையிலிருந்து போத்தலை எடுத்து அவரிடம் நீட்டினேன். "இன்னைக்கு நீங்க எடுத்துக் குடுங்க" என்றேன்.

"நானா? வேணாம் மிஸ்."

"எடுங்க. எடுத்தவரு பேரு எழுதணும், கட்டம் இருக்கு."

வரிசை விலகி வழி விட்டது. அவர் கையை மூன்று முறை கழுவினார். நான் சொல்லாமலே போத்தலை இரண்டு தடவை அலசி ஊற்றிவிட்டு, மூன்றாவது தடவை நிரப்பி மூடினார். நான் படிவத்தையும் பேனாவையும் கொடுத்தேன். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்து, எழுத்துக் கூட்டி எழுதினார்: சு. யோகராஜ். கண்ணாடிப் போத்தல். நேரே மிஸ்ஸின் கையில்.

கம்பளிக்குள் தணல் நன்றாக ஒளிர்ந்தது. நல்ல தண்ணி என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். முதல் தடவை சொன்ன அதே சத்தத்தில். வரிசையில் முதலாவதாகக் கணேசன் நின்றார். அவர் தன் கேனை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு, "யோகு, நீ மொதல்ல பிடிடா" என்றார்.

அந்தப் படிவம் நம் ஆய்வுகூடத்தில் பழைய அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. தேடி எடுத்துப் பாருங்கள். நான்காவது கட்டத்தில் மை கொஞ்சம் பரவியிருக்கும். கை கழுவிய ஈரத்தோடு எழுதினார்.